கலமும் காப்பும்

கடலில் மிதக்கும் கலத்தின் பாயைக் கண்டு வியப்போர் பலர். அதன் கொடியைக் கண்டு பெருமிதம் கொள்வோரும் பலர். நீருக்குள் மறைந்து கிடக்கும் அடிப்புறத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு மரக்கலத்தின் ஆயுள் பாயிலும் இல்லை, கொடியிலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்புறத்திலேதான் இருக்கிறது.

மும்பையில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்குக் கடல் புதியதன்று. சசூன் துறைக்கு மீன் வாங்கச் செல்கிறோம். பாவுச்சா தக்காவில் படகேறி ரேவஸ் கரைக்குப் போய் வருகிறோம். ஜூன், ஜூலைத் திங்கள்களில் மழையும் மீன்பிடித் தடையும் சேர்ந்து வரும்போது, வர்சோவா, கொலாபா முதலிய கோலி மக்களின் குப்பங்களில் படகுகளெல்லாம் கரையேறி நிற்பதையும் காண்கிறோம். அப்பொழுதுதான் அவற்றின் அடிப்புறம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மேலே பச்சையும் நீலமும் மஞ்சளுமாகப் பல வண்ணங்கள். அடியிலோ பெரும்பாலும் ஒரே செந்நிறம். “அடியில் மட்டும் ஏன் எல்லாரும் சிவப்பையே பூசுகிறார்கள்?” என்று நம் காலனிச் சிறுமி ஒருத்தி கேட்டாள். சிறு கேள்விதான், ஆயினும் அதற்கு விடை கூறப் புகுந்தால், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்றைக் கூறியாக வேண்டும். அவ்வரலாற்றில் இம்மும்பை மாநகருக்கும், கொச்சித் துறைக்கும், தேராதூன் ஆய்வுக்கூடத்துக்கும் சிறப்பான இடம் உண்டு.

இரு பகைவர்

மரக்கலத்துக்குக் கடலில் பகைவர் இருவர். ஒருவர் உள்ளிருந்து கெடுப்பவர். மற்றவர் வெளியே ஒட்டிக்கொண்டு கெடுப்பவர்.

உள்ளிருந்து கெடுப்பது கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பியினத்தைச் சேர்ந்தது. அதன் உடல் மெல்லிய நாடா போல் நீண்டிருக்கும். தலைப்பக்கத்தில் மட்டும் இரண்டு சிறிய ஓடுகள் இருக்கும். அவ்வோடுகளையே அரமாகக் கொண்டு அது மரத்தைக் குடைந்து செல்கிறது. குஞ்சாக இருக்கும்போதே மரத்தில் நுழைந்துவிடுவதால், வெளியே தெரியும் துளை குண்டூசித் தலையளவே இருக்கும். உள்ளே அது வளர வளரக் குடைவும் அகன்று, முழ நீளத்துக்கும் செல்லக்கூடும். மேற்பரப்பில் பழுதில்லாதது போல் தோன்றும் பலகை, கையால் அழுத்தினால் தேன்கூடு போல் நொறுங்கும். அரித்த மரத்தைச் செரிப்பதற்கு, அதன் செவுள்களில் வாழும் நுண்ணுயிர்கள் துணை புரிகின்றன.

வெளியே ஒட்டிக்கொள்ளும் கூட்டம் வேறு. பாசி, கடற்பூண்டு, சிப்பி, கொட்டலசு எனப் பல வகை. கொட்டலசு என்பது சுண்ணாம்புக் கூம்பு போல் பலகையில் இறுக ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிர். பார்வைக்குச் சிப்பி போல் இருப்பினும் நண்டுக்கும் இறாலுக்குமே உறவு. இவை மரத்தைத் தின்பதில்லை. ஆனால் கலத்தின் வேகத்தைத் தின்றுவிடும். வழவழப்பாக நீரைக் கிழித்துச் செல்ல வேண்டிய அடிப்புறம் கரடுமுரடாகிவிட்டால், பாய்மரக் கப்பல் காற்றிருந்தும் நகராது; இயந்திரப் படகு கூடுதலாக எண்ணெய் குடிக்கும்.

இப்பகைவரின் வலிமையைச் சிறிதென்று எண்ணலாகாது. கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தின் முடிவில், புழு அரித்துச் சல்லடையாகிவிட்ட இரண்டு கப்பல்களை 1503ஆம் ஆண்டில் ஜமைக்காக் கரையில் ஏற்றிவிட்டு, ஓராண்டுக் காலம் அங்கேயே தங்க நேர்ந்தது. 1730களில் ஹாலந்து நாட்டின் கடற்கரை அணைகளுக்குக் காப்பாக இருந்த மரவேலியை இப்புழு தின்று தீர்த்தது. நாடே நீரில் மூழ்குமோ என்று மக்கள் நடுங்கினர். இறுதியில் மரத்தைக் கைவிட்டு, பெரும் பொருட்செலவில் கல் கொணர்ந்து அணைகளைக் காத்தனர்.

நம் கரையோரத்தின் வழிகள்

இப்பகையை வெல்ல நம் முன்னோர் கண்ட முதல் வழி மிக எளியது: கலத்தை நீரிலேயே கிடக்க விடாமை. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் மீன்பிடித்துத் திரும்பியவுடன் மணலில் ஏற்றப்படும். கயிறு அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவதும் உண்டு. நீரின்றி வெயிலில் காயும் மரத்தில் கப்பற்புழு நெடுநாள் வாழ இயலாது. கொட்டலசும் காய்ந்து உதிரும். பூச்சு என்று ஒன்றும் இல்லை, வெயிலே காப்பு. அவ்வாறே, நன்னீரில் இப்புழு தழைக்காது என்பதை அறிந்த மாலுமிகள் ஆற்று முகத்துக்குள் கலத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதும் பழைய வழக்கமே.

ஆனால் கட்டுமரத்தைத் தூக்குவதுபோல் நூறு டன் கலத்தைத் தூக்க முடியுமா? பெரிய கலங்களுக்குப் பூச்சு வேண்டியிருந்தது. அரபிக்கடலின் இரு கரைகளிலும் சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் குழைத்துக் கலத்தின் அடியில் கனமாகப் பூசினர். நீர்மட்டத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மீன் எண்ணெய் தடவினர். கேரளக் கரையில் மத்தி மீன் எண்ணெயும் முந்திரிக் கொட்டையின் தோட்டு எண்ணெயும் வள்ளங்களுக்கு இன்றளவும் பழக்கமானவை. பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி அடைக்கும் கலப்பற்று வேலை, ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

அயல்நாட்டுப் பயணிகள் இவற்றைக் கண்டு எழுதிவைத்துள்ளனர். இந்தியத் துறைகளுக்கு வந்து சென்ற சீனக் கப்பல்களைப் பற்றி மார்க்கோ போலோ கூறுமிடத்து, சுண்ணாம்பும் நறுக்கிய சணலும் மர எண்ணெயும் சேர்த்து இடித்த பசையை அவற்றுக்குப் பூசினர் என்கிறார். பழைய பலகையின் மேல் புதிய பலகை அடித்து அடுக்கடுக்காகக் கனமாக்கினர் என்றும் குறிக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மும்பைக்கு வந்த ஜான் ஹென்றி குரோஸ் என்னும் ஆங்கிலேயர், இக்கரைக் கப்பல்களின் அடிப்பலகைகளில் மர எண்ணெயைத் தேய்த்து ஊறவைக்கும் முறையைப் பாராட்டி எழுதினார்.

இப்பூச்சுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. எவையும் நிலையானவை அல்ல. சில திங்களில் அவை தேய்ந்து உதிரும். உதிரும்போது ஒட்டிய உயிர்களையும் உடன் கொண்டு உதிரும். பின்னர்க் கலத்தைக் கரையேற்றிச் சுரண்டி மீண்டும் பூச வேண்டும். இத்தேய்மானத்தைக் குறையென்று எண்ணுவதே இயல்பு. அது குறையன்று, அதுவே காப்பின் உயிர் என்பதை உலகம் உணர்ந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

ஈயத்திலிருந்து செம்புக்கு

மேலைநாட்டார் உலோகத்தை நாடினர். சைப்ரஸ் தீவின் கைரீனியா அருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்ட பண்டைக் கிரேக்க வாணிகக் கப்பல் ஒன்று, கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் அடிப்புறம் ஈயத் தகட்டால் போர்த்தப்பட்டிருந்தது. 1670களில் ஆங்கிலேயக் கடற்படையும் ஈயத்தை முயன்றது. ஆனால் சுக்கானைத் தாங்கும் இரும்புகள் விரைவில் அரித்துப்போயின. ஆகவே அம்முயற்சி கைவிடப்பட்டது. அதுவரை வழக்கத்திலிருந்தது பழைய முறையே: கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்து, அடியில் தீயிட்டு ஒட்டியவற்றைப் பொசுக்கி, தாரோ, கந்தகமும் கொழுப்பும் பிசினும் கலந்த குழம்போ பூசுவது, அல்லது மயிரும் தாரும் தடவி அதன்மேல் மெல்லிய பலகை அடித்து, புழு முதலில் அதைத் தின்னட்டும் என்று விடுவது.

1761ஆம் ஆண்டில் ‘அலார்ம்’ என்னும் 32 பீரங்கிப் போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு போர்த்தி, புழு மிகுந்த மேற்கிந்தியத் தீவுக் கடலுக்கு அனுப்பினர். அது திரும்பி வந்தபோது ஆய்ந்தவர்கள் இரண்டு உண்மைகளைக் கண்டனர். செம்பு போர்த்திய இடத்தில் புழுவும் இல்லை, கொட்டலசும் இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் பசை போலாகிவிட்டன. ஒரு சில ஆணிகள் மட்டும் கெடாதிருந்தன. ஏன்? தகடு கட்டி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக அவ்வாணிகளுக்கும் செம்புக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருந்தது! ஒரு துண்டுக் காகிதம் ஒரு பெரிய பாடத்தைக் கற்பித்தது: கடல்நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பின், அவற்றுள் மெலிந்தது தன்னை அழித்துக்கொள்ளும்.

இக்குறையிருந்தும் செம்பின் பயன் பெரிதாயிருந்தமையால், 1779 முதல் 1781 வரையிலான சில ஆண்டுகளில் ஆங்கிலேயக் கடற்படை முழுவதற்கும் செம்பு போர்த்தும் பணி விரைந்து நடந்தது. பின்னர் இரும்புத் தறிகளுக்கு மாறாகச் செப்புக் கலவைத் தறிகள் வந்தன. அடிப்புறம் தூய்மையாக இருந்த கப்பல்கள் மற்றவற்றை விரட்டிப் பிடித்தன. வணிகரும் இதைப் பின்பற்றினர். நம் நாட்டை ஆண்ட கும்பெனியின் வேகத்திலும் ஆதிக்கத்திலும் இச்செப்புத் தகட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

மும்பைத் துறையில்

இக்காலத்தில்தான் மும்பைக் கப்பற்கட்டுந்துறை புகழ் பெற்றது. சூரத்திலிருந்து 1736ஆம் ஆண்டில் மும்பைக்கு அழைத்து வரப்பட்டவர் லௌஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர். 1750ஆம் ஆண்டில் இங்கே உலர்துறை அமைந்தது. பெருங்கடலேற்றத்தின்போது மும்பையில் நீர் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்குவது இதற்கு வாய்ப்பாயிற்று. ஏற்றத்தில் கப்பலை உள்ளே கொணர்ந்து, இறக்கத்தில் நீரை வடியவிட்டுக் கதவை மூடிவிட்டால், கப்பலைச் சாய்த்து வருத்தாமலேயே அதன் அடிப்புறத்தில் நின்று வேலை செய்யலாம். சுரண்டவும், கலப்பற்று இடவும், தகடு அடிக்கவும் இதைவிட ஏந்தான இடம் வேறில்லை.

மலபார்க் காடுகளின் தேக்கு இத்துறைக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் கருவாலி மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ இரும்பை அரிப்பதில்லை. வாடியா குடும்பத்தார் கட்டிய ‘மிண்டன்’ 1810ஆம் ஆண்டில் கடலில் இறங்கியது. 1813இல் இறங்கிய ‘கார்ன்வாலிஸ்’ கப்பலின் மேல்தளத்தில்தான் 1842ஆம் ஆண்டில் சீனத்தின் மேல் சுமத்தப்பட்ட நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் கடலில் இறங்கிய ஒரு கப்பலின் பெயர் நம் செவிக்கு இனியது: ‘டிரிங்கோமலி’, அதாவது நம் திருக்கோணமலை. மும்பையில் பிறந்து, மலபார்த் தேக்கை உடலாகக் கொண்டு, ஈழத்துத் தமிழ்த் துறையின் பெயர் தாங்கிய அம்மரக்கலம், இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதந்தபடியே காட்சிப் பொருளாக நிற்கிறது.

வாடியா என்னும் பெயரை வரலாறு காத்து வைத்திருக்கிறது, அது நன்றே. ஆனால் இடுக்கில் பஞ்சு திணித்த கைகளின் பெயரும், கொதிக்கும் குங்கிலியச் சட்டியைச் சுமந்த தோள்களின் பெயரும், தகட்டில் ஆணியடித்தவனின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அடிப்புறத்தில் வேலை செய்தோர், அடிப்புறம் போலவே கண்ணுக்கு மறைந்து போயினர்.

கொச்சியில் பிறந்த கப்பலும் டேவியின் வியப்பும்

இனி இவ்வரலாற்றின் உயிர்நிலைக்கு வருவோம். செம்பு புழுவை விரட்டியது உண்மை; ஆனால் அச்செம்பே சில ஆண்டுகளில் தேய்ந்து ஓட்டையாயிற்று. விலை மிக்க உலோகம் கடலில் கரைந்து வீணாவதைக் கண்டு மனம் பொறாத ஆங்கிலேயக் கடற்படை அதிகாரிகள், அக்காலத்து வேதியியற் பேரறிஞராகிய ஹம்ப்ரி டேவியின் துணையை நாடினர்.

‘அலார்ம்’ கற்பித்த பாடத்தை டேவி தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு அழிந்தது, செம்பு பிழைத்தது. அப்படியானால், செம்பைக் காப்பதற்கென்றே சிறிது இரும்பையோ துத்தநாகத்தையோ பலியாகக் கொடுத்தால் என்ன? செப்புப் பரப்பில் 40இல் ஒரு பங்கு முதல் 150இல் ஒரு பங்கு வரை இரும்போ துத்தநாகமோ சேர்த்தால் போதும், செம்பு அரிபடாது என்று சோதனையில் கண்டார். 1824ஆம் ஆண்டில் இதைக் கப்பலில் செய்து பார்க்க முற்பட்டனர். அதற்குத் தேர்ந்தெடுத்த ‘சமராங்’ என்னும் போர்க்கப்பல் நம் கொச்சித் துறையில் தேக்கால் கட்டப்பட்டு, இந்தியாவிலேயே செம்பு போர்த்தப்பட்டது.

டேவியின் கணக்கு தவறவில்லை, செம்பு கரையவில்லை. அறிவியல் வென்றது என்று எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் இக்காப்புப் பொருத்திய கப்பல்கள் பல, நெடும்பயணம் முடித்துத் திரும்பியபோது வேறொரு காட்சி தோன்றியது. செம்பு புதிதாகவே இருந்தது. அதன்மேல் கொட்டலசும் பாசியும் அடர்ந்து படர்ந்திருந்தன! கப்பல்கள் ஆமை போல் ஊர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் கடற்படை அக்காப்பைக் கழற்றிவிடுமாறு கட்டளையிட்டது.

நிகழ்ந்தது என்ன? செம்பு இருப்பதனால் மட்டும் உயிர்கள் அண்டாமல் இருக்கவில்லை. செம்பு கரைவதனாலேயே அண்டாமல் இருந்தன. கணந்தோறும் நுண்ணளவாகக் கரைந்து நீரில் கலக்கும் செம்பே கொட்டலசின் குஞ்சுகளுக்கும் பாசியின் வித்துகளுக்கும் நஞ்சாயிற்று. கரையாத செம்பு வெறும் தகடு. கரையும் செம்பே காவலன். தன்னைத் தேய்த்துக்கொள்ளாமல் பிறரைக் காக்க இயலாது என்பது அறநூல் கூறும் செய்தி மட்டுமன்று. வேதியியல் கூறும் செய்தியும் அதுவே. நம் கரையோரத்தார் சுண்ணாம்பும் கொழுப்பும் உதிர உதிர மீண்டும் பூசி வந்ததில், இவ்வுண்மையின் ஒரு கூறு சொல்லப்படாமலே அடங்கியிருந்தது.

டேவியின் உழைப்பு வீண்போகவில்லை. அவர் கண்ட அதே நெறி, இன்று எஃகுக் கப்பல்களையும் நிலத்தடிக் குழாய்களையும் துருவிலிருந்து காக்கிறது. ஓரிடத்தில் தோல்வியுற்ற அறிவு மற்றோரிடத்தில் வெற்றியாக மலர்வது, அறிவியலில் பலகால் நிகழ்வதுதான்.

உள்ளே நிற்பதும் வெளியே கரைவதும்

1832ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து மன்ட்ஸ் என்பார், செம்பு ஏறத்தாழ 60 பங்கும் துத்தநாகம் 40 பங்கும் கலந்த பித்தளைத் தகட்டைக் கொணர்ந்தார். செம்பைவிட மலிவு என்பதால் வணிகக் கப்பல்கள் அதை ஏற்றன. பின்னர் இரும்புக் கப்பல்களின் காலம் வந்தது. இரும்பின்மேல் செம்பு போர்த்தினால் இரும்பு அழியும் என்பதை ‘அலார்ம்’ முன்பே கற்பித்திருந்ததால், தகட்டுக்கு மாறாகச் செம்பின் உப்புகள் கலந்த வண்ணப்பூச்சுகள் பெருகின. அவற்றுள் இன்றுவரை முதலிடம் வகிப்பது குப்ரஸ் ஆக்சைடு என்னும் செம்பின் ஆக்சைடு. அது இயல்பாகவே செந்நிறமானது. காலனிச் சிறுமியின் கேள்விக்கு விடை இதுதான்: அச்சிவப்பு அழகுக்காகப் பூசியதன்று; அது செம்பின் நிறம்.

மரத்தை உள்ளிருந்தே காக்கும் வேறொரு வழியைக் கண்டவர் நம் நாட்டு அறிஞர் சொந்தி காமேசன். தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் அவர் 1933ஆம் ஆண்டில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் உப்புகளைச் சேர்த்து ‘அஸ்க்கு’ என்னும் மருந்தை ஆக்கினார். செம்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும். குரோமியமோ இவ்விரண்டையும் மரத்தின் நாரோடு பிணைத்து, நீரில் கரையாமல் நிறுத்தும். உலகம் முழுவதும் மின்கம்பங்களும் துறைமுகத் தூண்களும் இம்மருந்தால் நெடுநாள் நின்றன. கொச்சியில் 1957ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், விலை குறைந்த ரப்பர் மரத்துக்கும் இத்தகைய மருந்தேற்றி, அதனால் மீனவர்க்கு வள்ளம் கட்டலாம் என்று காட்டியது.

இங்கே ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. மரத்தின் உள்ளே ஏற்றும் மருந்து கரையக் கூடாது. மரத்தின் வெளியே பூசும் மருந்து கரைந்தே ஆக வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவோர், விலையுயர்ந்த பொருளை வாங்கியும் ஏமாறுவர்.

அளவு கடந்த காப்பு

1960களில் ஆர்கானிக் வெள்ளீயப் பூச்சு ஒன்று வந்தது. டிரைபியூட்டைல்டின் என்பது அதன் பெயர். கொட்டலசை அதுபோல் விரட்டிய பூச்சு வேறில்லை. ஒரு முறை பூசினால் ஆண்டுக்கணக்கில் கவலையில்லை. ஆனால் பிரான்சு நாட்டின் அர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்த்து வாழ்ந்தவர்களின் வாழ்வு 1970களின் இறுதியில் நொறுங்கியது. சிப்பிக் குஞ்சுகள் தேறவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகள் கோணித் தடித்தன. பிற கரைகளில் பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, இனப்பெருக்கமே நின்றது. படகைக் காத்த மருந்து கடலைக் கெடுத்துவிட்டது! 1982இல் பிரான்சு சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. 2001ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி உருவாக்கிய உடன்படிக்கை 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, கப்பல்களில் அதன் பயனை முடித்து வைத்தது. காமேசனின் மருந்திலுள்ள ஆர்சனிக்கைப் பற்றிய அச்சத்தால், அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு மரவேலைகளுக்கு அதைப் பயன்படுத்துவதும் கைவிடப்பட்டது.

கரையாத காப்பு காக்கவில்லை என்பது டேவி கண்ட பாடம். அளவு மீறிக் கொல்லும் காப்பு பிறர் வாழ்வைக் கெடுக்கும் என்பது அர்க்கஷோன் கற்பித்த பாடம். இவ்விரு பாடங்களுக்கும் இடைப்பட்ட ஓர் அளவைக் காண்பதே, மரக்கலத்துக்குப் பூச்சுத் தேர்ந்தெடுக்கும் கலையின் சாரம்.

தேர்ந்தெடுக்கும் முறை

ஆகவே ஒரு படகுக்கு எப்பூச்சு நன்று என்று கேட்பவர், முதலில் படகைப் பற்றியே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். அது நாள்தோறும் மணலில் ஏறுவதா, ஆண்டு முழுதும் நீரில் கிடப்பதா? நாள்தோறும் காய்வதாயின் எண்ணெயும் வெயிலுமே பெரிதும் போதும். நஞ்சுக்கு அங்கே வேலையில்லை. அடிக்கடி ஓடும் படகா, துறையில் கட்டிக் கிடக்கும் படகா? ஓடும் படகுக்கு, நீரின் உராய்வால் சிறிது சிறிதாகத் தேய்ந்து புதிய முகம் காட்டும் பூச்சு ஏற்றது. அடிக்கடி தேய்த்துக் கழுவப்படும் படகுக்குக் கடினமான பூச்சே தாங்கும். பலகையில் இரும்பு ஆணிகள் உள்ளனவா? உண்டெனில் ஆணித் தலைகளை மக்கு வைத்து மூடி, அடிப்பூச்சுக் கொடுத்த பின்னரே செப்புப் பூச்சுக் கொடுக்க வேண்டும். ‘அலார்ம்’ கப்பலின் பழுப்புக் காகிதத்தை அங்கே நினைவுகொள்க. மரம் நன்கு உலர்ந்ததா? ஈரப் பலகையில் எப்பூச்சும் நில்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் புழுக்குஞ்சுக்கு அது வாயில். ஆதலின் ஏரா எனப்படும் அடிமரமும், தரையில் உராயும் பகுதிகளும் தனிக் கவனம் பெற வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பெரும்பாலோர் கேட்க மறப்பது அதுவே. பழைய பூச்சைச் சுரண்டுபவன் யார்? அவன் மூச்சில் போகும் தூசி என்ன? உலர்ந்த செப்புப் பூச்சைத் தேய்த்தால் எழும் தூசி, கொட்டலசுக்கு மட்டுமல்ல, மனிதனுக்கும் கேடு. நீர் தெளித்து நனைத்தபடி சுரண்டுவதும், மூக்கையும் கைகளையும் மூடிக்கொள்வதும், சுரண்டிய கழிவைக் கடலில் தள்ளாமல் திரட்டி அகற்றுவதும் பெரும் செலவுள்ள செயல்கள் அல்ல. ஆயினும் நம் கரைகளில் வெறுங்கையோடும் திறந்த முகத்தோடும் இவ்வேலை செய்வோரை இன்றும் காண்கிறோம். செம்பு தன்னைக் கரைத்துக்கொண்டு கலத்தைக் காப்பது இயற்கை. ஒரு கூலியாள் தன் மூச்சைக் கரைத்துக்கொண்டு கலத்தைக் காப்பது நீதியாகுமா?

முடிவாக

மரப்படகுகள் இன்று குறைந்து வருகின்றன. கண்ணாடியிழைப் படகுகள் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன. அவற்றைப் புழு அரிப்பதில்லை. ஆனால் கொட்டலசு அவற்றையும் விடுவதில்லை. ஆகவே கதை முடியவில்லை. கலத்தின் உடல்தான் மாறுகிறது.

ஒவ்வொரு காப்புக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை யாரோ ஒருவர் கொடுத்தே தீர வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி. சில வேளை அதைச் செம்பு கொடுத்தது; சில வேளை காடு கொடுத்தது; அர்க்கஷோனில் சிப்பி வளர்த்தவர் கொடுத்தனர்; துறைதோறும் பெயரறியாத தொழிலாளர் கொடுத்தனர். விலையைக் குறைப்பது அறிவு; அது யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பது அறம்.

அடுத்த மழைக்காலத்தில் கரையேறி நிற்கும் படகுகளை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக. மேலே உள்ள பல வண்ணங்களைக் காட்டிய பின், குனிந்து அடியிலுள்ள செந்நிறத்தையும் காட்டுவோமாக. அங்கே தூரிகையோடு அமர்ந்திருப்பவரைக் கண்டால், அவர் தொழிலின் நுட்பத்தை அவர் வாயாலேயே கேட்டறிவோமாக. நூல்களில் எழுதப்படாத வரலாற்றில் பெரும்பகுதி, அத்தகையோர் கைகளில்தான் இன்னும் இருக்கிறது.